நாலு பேர் நடுவில்

நாடகப் பயிற்சிப் பட்டறை என்று தமிழில் ஏறக்குறைய அரை நூற்றாண்டாக வழங்கிவரும் வகுப்புமுறையில் பாடநூலும் கரும்பலகையும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. பங்கேற்போர் நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தரையில் வட்டமாக நின்று, தம் பெயரை ஒரு சைகையோடு சேர்த்துச் சொல்வதில் தொடங்கி, கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, சிலையாக உறைந்து நிற்பது, இல்லாத பந்தை இருப்பதாகப் பாவித்து எறிந்து பிடிப்பது, எங்குமே இல்லாத ஒரு மொழியில் சண்டையிடுவது என்று பல மணி நேரம் விளையாடுவார்கள். நடிகரைத் தயார்செய்யும் வழியாகவே இது தமிழுக்கு வந்தது என்பதால், இதன் அரங்கியல் பயன் குறித்துச் சிறுபத்திரிகைகளில் நிறையவே பேசப்பட்டிருக்கிறது. ஆனால் மேடையேறும் எண்ணமே இல்லாத ஒரு கல்லூரி மாணவியோ தொடக்கப்பள்ளி ஆசிரியரோ வங்கி ஊழியரோ இந்த வட்டத்துக்குள் நுழைந்து வெளியே வரும்போது தம்மைப் பற்றி முன்பு அறியாத ஒன்றை அறிந்துகொண்டதாகச் சொல்வது ஏன், அந்த அறிதல் எத்தகையது என்ற கேள்வி அதே அளவுக்கு ஆராயப்படவில்லை. ஆன்மிக முகாம்களும் ஆளுமை வளர்ச்சி வகுப்புகளும் ‘தன்னைக் கண்டடைதல்’ என்பதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்ட பிறகும், அந்தக் கேள்வி கேட்கத் தக்கதாகவே இருக்கிறது.

மதுரையில், குறிப்பாகச் சிம்மக்கல்லில் நின்று அதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலுக்கும் வைகைக்கும் இடையில், வடக்கு வெளி வீதியை ஒட்டிய இந்தப் பகுதியில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய தமிழ்ச் சங்கமும், 1904-இல் பாரதி சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த சேதுபதி பள்ளியும் நடந்து போகும் தொலைவில் உள்ளன. படிப்பின் வரலாறு இப்படி அடர்ந்திருக்கும் இதே சுற்றுவட்டாரம் வேடமிடுவதன் வரலாற்றிலும் அடர்ந்தது. இந்த ஊரில் கடவுளே வேடமிட்டவர். திருவிளையாடற் கதைகளில் சொக்கநாதர் விறகு விற்பவராகவும் வளையல் விற்பவராகவும் கூலியாளாகவும் வருகிறார். வந்தி என்னும் கிழவியின் பங்குக்கு மண் சுமக்க வந்த கூலியாள் வேலையைச் செய்யாமல் ஆடிப் பாடிக் களித்ததற்காகப் பாண்டியனிடம் பிரம்படி வாங்கியதும், அந்த அடி எல்லோர் முதுகிலும் விழுந்ததும் ஆவணி மூலத் திருவிழாவில் வைகைக் கரைப் புட்டுத்தோப்பில் இன்றும் ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டப்படுகின்றன. சித்திரை முழுநிலவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது, யானைக்கல்லில் தொடங்கி ஆழ்வார்புரம் வரை நிறையும் கூட்டத்தில் சல்லடமும் உருமாலும் அணிந்து, தோல் துருத்தியால் நீர் பீய்ச்சியபடி வருவோர் பலர். திரியெடுத்து ஆடுவோர், சாட்டையடித்து ஆடுவோர், துருத்தி நீர் தெளிப்போர் என்று இந்த நேர்த்திக்கடன் அடியார்களைத் தொ. பரமசிவன் தமது அழகர் கோயில் ஆய்வில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். வயலிலோ பட்டறையிலோ கடையிலோ உழைப்பவர் ஒருவர் அந்தச் சில நாட்களுக்கு வேறொருவராக நடமாடுகிறார். ஊர் அவருக்கு வழிவிடுகிறது. நேர்த்திக்கடன் என்ற காப்பு இருப்பதால் அவரை யாரும் கேலி செய்வதில்லை.

காப்பில்லாமல் வேடமிடுவோரின் கதை வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தொடக்கத்தில் எமன், இராவணன், இரணியன், சனீஸ்வரன் முதலிய உக்கிரமான வேடங்களில் நடித்தவர். ஒருமுறை இரவு முழுக்கச் சனீஸ்வரனாக நடித்துவிட்டு, வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனபோது, துணி வெளுக்க வந்திருந்த பெண் ஒருத்தி அவரைக் கண்ட அதிர்ச்சியில் இறந்துபோனாள் என்றும், அதன் பின் அவர் நடிப்பதை விட்டு ஆசிரியரானார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். நடந்ததோ நடக்கவில்லையோ, நாடகக்காரர்கள் இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருப்பது கவனத்துக்குரியது. வேடம் அரங்கின் எல்லையைத் தாண்டிப் பகலுக்குள் நுழைந்தால் ஆபத்து என்ற ஆழ்ந்த அச்சம் இதில் இருக்கிறது. சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் அழைத்த, சிறுவர்களை மட்டுமே கொண்ட நாடகக் குழுக்களுள் அது பெரும்புகழ் பெற்றது. நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். எம்.ஜி.ஆர். வளர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில்.

அந்தப் பயிற்சி விளையாட்டாக இருக்கவில்லை. விடியலில் எழுந்து பாட்டு, பிறகு வசனம், பிறகு நடனம் என்று நாள் கழியும். தவறினால் வாத்தியாரின் பிரம்பு பேசும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று பாத்திரங்கள் வகை பிரிக்கப்பட்டிருக்க, குரலும் முகவெட்டும் பார்த்து ஒரு பையனை ஒரு வகைக்குள் அமர்த்துவார்கள். பையன் ஸ்திரீபார்ட்டில் ஊறி வளர்ந்து, பெண் நடையையும் பெண் சிரிப்பையும் தன் உடம்பின் இயல்பாகவே ஆக்கிக்கொண்ட பிறகு, பதின்மூன்று பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடையும். அன்றோடு அந்த வேடம் அவனிடமிருந்து பறிபோகும். இத்தனை ஆண்டுகள் தானாக இருந்த ஒன்றை இழந்து, அடுத்து யாராக இருப்பது என்று தெரியாமல் நின்ற சிறுவர்களின் நிலையை நினைத்துப் பார்ப்பது கடினமில்லை. தமிழ் மேடைக்கும் திரைக்கும் ஈடிணையற்ற கலைஞர்களைத் தந்த அந்தக் கல்விமுறை, கையில் கிடைத்த பாத்திரத்தைப் பிசகின்றிச் செய்யக் கற்றுத் தந்தது. செய்கிற பையன் யார் என்று கேட்க அதற்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை.

சுவாமிகளின் நாடகங்கள் இன்றும் ஸ்பெஷல் நாடகமாக மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் நடக்கின்றன. ஸ்பெஷல் நாடகம் என்பது நிலையான குழுவோ ஒத்திகையோ இல்லாமல், ஒவ்வொரு நடிகரும் தனித்தனியே அழைக்கப்பட்டு, ஒரே ஓர் இரவுக்கு மட்டும் மேடையில் சந்தித்து நடத்தும் நாடகம். வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும், வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கம், அதாவது சொல்லுக்குச் சொல் மடக்கும் வாதம், எந்தத் திசையில் போகும் என்று மேடையேறும்வரை இருவருக்குமே தெரியாது. எதிரில் நிற்பவர் எறிவதைப் பிடித்து அங்கேயே திருப்பி எறிய வேண்டும். முன்தயாரிப்பில்லாத நடிப்பு மேலைநாட்டு இறக்குமதி என்று எண்ணுவோர், விடிய விடிய நடக்கும் இந்தத் தர்க்கங்களில் ஒன்றைக் கேட்டுவிட்டு வருவது நல்லது. ஆனால் இவ்வளவு கூர்மையான விளையாட்டை ஆடும் பெண் கலைஞர் பகலில் என்னவாகப் பார்க்கப்படுகிறார் என்பதை, மதுரையில் தங்கி ஆய்வு செய்த சூசன் சைசர் 2005-இல் வெளியான தமது நூலில் வலியோடு எழுதியிருக்கிறார். கூத்தாடி என்பது இன்றும் வசைச்சொல்லாகவே இருக்கிறது. ஊர் கைதட்டி ரசிக்கிற ஒன்றைத் தன் வீட்டுப் பெண் செய்யக் கூடாது என்பதில் அதே ஊர் உறுதியாக இருக்கிறது.

ஆக, விளையாடுவது இந்த நிலத்துக்குப் புதிதன்று. கடவுளுக்கும் அடியாருக்கும் தொழில்முறைக் கலைஞருக்கும் அது வகுக்கப்பட்டிருந்தது. மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களை எழுப்பி ஆட விட்டதில்தான் பட்டறையின் புதுமை இருக்கிறது. கேரளத்தில் சி.என். ஸ்ரீகண்டன் நாயர், ஜி. சங்கரப்பிள்ளை போன்றோர் 1967-இல் சாஸ்தாங்கோட்டையில் நடத்திய நாடகக் களரி என்ற பயிற்சி முகாம் தென்னகத்தில் இதற்கு வழி திறந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1977-இல், மதுரைக்கு வடக்கே சின்னாளபட்டியை ஒட்டிய காந்திகிராமத்தில், தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற சே. இராமானுஜத்தின் முனைப்பில் எழுபது நாள் பட்டறை நடந்தது. மறு ஆண்டில் மு. இராமசாமி மதுரையில் நிஜ நாடக இயக்கம் என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். 1980-இல் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் பத்து நாள் பட்டறை நடத்தினார். நகரமைப்புப் பொறியாளராக இருந்த சர்க்கார், மேடையும் திரையும் ஒளியமைப்பும் நுழைவுச்சீட்டும் இல்லாமல், நடிகரின் உடம்பையும் பார்வையாளரின் அருகாமையையும் மட்டும் நம்பி நிற்கும் மூன்றாம் அரங்கு என்ற கருத்தை முன்வைத்தவர். அவருடைய பட்டறைகளில் நாடகப் பிரதிக்கு முன்பாக விளையாட்டு வரும். பங்கேற்போருக்கிடையே நம்பிக்கை உண்டான பிறகுதான் பிரதி பற்றிய பேச்சே எழும்.

இந்த விளையாட்டுகளில் பலவற்றின் வேரைத் தேடினால் அமெரிக்காவில் வயோலா ஸ்போலின் (1906–1994) என்ற பெண்மணியிடம் போய்ச் சேரலாம். சிகாகோவின் ஏழைக் குடியேறிகளிடையே பணியாற்றிய நீவா பாய்டிடம் குழு விளையாட்டுகளைக் கற்ற அவர், ஒரே மொழி பேசாத குழந்தைகளைச் சேர்ந்து ஆடவைக்கும் பயிற்சிகளை உருவாக்கி, 1963-இல் அவற்றைப் பெரிய நூலாகத் தொகுத்தார். பிறர் பாராட்டுவார்களா, பழிப்பார்களா என்று ஓயாமல் எதிர்பார்த்திருப்பதே மனிதரை முடக்குகிறது என்பதும், விளையாட்டின் விதியில் கவனம் முழுவதும் குவியும் நேரத்தில் அந்த எதிர்பார்ப்பு தானாகக் கழன்றுவிடுகிறது என்பதும் ஸ்போலினின் அடிப்படைக் கருத்து. சிகாகோவில் பிறந்த இந்தக் கருத்து மதுரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாதது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற ஒரே கேள்வியால் உடை முதல் படிப்பு, திருமணம், சிரிப்பின் ஓசை வரை அளக்கப்பட்டு வளரும் பிள்ளைகளின் ஊர் இது. அந்த நாலு பேர் யார் என்று யாரும் காட்டியதில்லை. ஆனால் அவர்கள் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டறையின் வட்டத்திலும் நாலு பேர் இருக்கிறார்கள். இவர்களுக்கு முகமும் பெயரும் உண்டு. தீர்ப்புச் சொல்ல இவர்களுக்கு நேரமில்லை, ஏனெனில் இவர்களும் அதே கணத்தில் தவளையாகவோ தண்டவாளமாகவோ ஆகிக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டறைகளில் கண்ணாடிப் பயிற்சி என்று சொல்லப்படுவதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இருவர் ஒரு கை தூர இடைவெளியில் எதிரெதிரே நிற்பர். ஒருவர் அசைய, மற்றவர் அவருடைய பிம்பமாக அதே அசைவைச் செய்ய வேண்டும், அவர் வலக்கையைத் தூக்கினால் இவர் இடக்கையை. பேசக் கூடாது; பார்வை எதிரில் இருப்பவரின் கண்ணை விட்டு அகலக் கூடாது. முதல் சில நிமிடங்கள் சிரிப்பிலேயே கழியும். இந்தச் சிரிப்பைப் பயிற்றுநர் கண்டிக்காமல் விடுவது முக்கியம். நேராகப் பார்க்கப்படுவதைத் தாங்க முடியாத கூச்சம் அப்படித்தான் வெளியேறுகிறது. சிரிப்பு ஓய்ந்ததும் வேறு சங்கதிகள் தெரியத் தொடங்கும். முன்னே செல்பவர் கையை வேகவேகமாக வீசுகிறார்; பிம்பமாக நிற்பவரால் தொடர முடியவில்லை; தம்மால் ஒருவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்கு உறைக்கச் சற்று நேரமாகிறது. உறைத்ததும் வேகம் தானாகக் குறைகிறது. முறை மாறும்போது, இதுவரை அழகாகப் பின்தொடர்ந்த பெண் அசையாமல் நின்றுவிடுகிறாள். யாரேனும் தன்னைப் பின்தொடரும் நிலை அவளுக்கு அதுவரை வாய்த்ததேயில்லை. பிறகு, யார் முன்னே யார் பின்னே என்று பிரிக்காமல் இருவரும் சேர்ந்து அசையுங்கள் என்று பயிற்றுநர் சொல்வார். நன்றாக அமைந்தால், சில விநாடிகளுக்கு, அசைவு யாரிடம் தொடங்குகிறது என்பது பார்ப்பவருக்கும் தெரியாது, செய்பவருக்கும் தெரியாது.

கண்ணைப் பார்ப்பது என்ற ஒன்றே இங்கே எவ்வளவு சுமையேறியது என்பதை அயலார் எழுதிய பயிற்சி நூல்கள் சொல்வதில்லை. பெரியவரை ஏறிட்டுப் பார்த்தால் திமிர், ஆணை நேராகப் பார்க்கும் பெண்ணுக்கு வேறு பெயர், தெருவில் இரண்டு பையன்களின் பார்வை கொஞ்சம் கூடுதலாக நிலைத்தால் “என்னடா முறைக்கிற?” என்ற கேள்வியில் அது கைகலப்பாகிவிடும். இப்படி வளர்ந்த இரண்டு இளைஞர்கள் பத்து நிமிடம் பகையின்றி ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள் என்பது, அதற்குப் பிறகு அவர்கள் எந்த நாடகத்திலும் நடிக்காமலே போனாலும், நடந்த ஒரு காரியம்தான்.

தொடுதல் இன்னும் கனமானது. கண்ணைக் கட்டிக்கொண்ட ஒருவரை இன்னொருவர் கைபிடித்து அழைத்துச் செல்வதும், பின்னோக்கிச் சாய்பவரைக் குழுவாக நின்று தாங்கிப் பிடிப்பதும் நம்பிக்கைப் பயிற்சிகள் எனப்படும். உத்தப்புரம் கிராமத்தின் தீண்டாமைச் சுவரில் ஒரு பகுதியை இடிப்பதற்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்த மாவட்டத்தில், யார் கையை யார் பிடிக்கிறார் என்பது வெறும் பயிற்சிக் கேள்வியாக இருக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகள் சாதி அடையாளமாகிவிட்டதால், அவற்றைத் தடுக்க வேண்டும் என்று நீதியரசர் கே. சந்துரு குழு 2024-இல் பரிந்துரை செய்ய வேண்டியிருந்தது. கயிற்றை அறுக்க ஓர் உத்தரவு போதும். கயிறு கட்டிய கை கூச்சமின்றி நீளவும், நீண்ட கையை மற்றவர் தயங்காமல் பற்றவும் பழக்கம் வேண்டும். பழக்கம் உடம்பால் மட்டுமே ஆகும்.

பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் (1931–2009) இதை இன்னும் திட்டவட்டமாகச் சொன்னார். மனிதரின் தொழிலும் வர்க்கமும் அவருடைய தசைகளில் ஒரு முகமூடியைப் படிய வைக்கின்றன. காவலாளியும் தட்டச்சரும் நடக்கும் விதம் வேறாவது அதனால்தான். எனவே முதலில் ஒருவர் தம் உடம்பில் எது தம்முடையது, எது தம் மீது ஏற்றப்பட்டது என்று உணர வேண்டும் என்றார். அதற்காக அவர் வைத்த விளையாட்டுகளுள் ஒன்று மெதுவோட்டம்: கடைசியாக வருபவர் வெல்வார், ஆனால் ஒரு கணமும் அசையாமல் நிற்கக் கூடாது, ஒவ்வோர் அடியும் இயன்ற அளவு அகலமாக இருக்க வேண்டும். ஓட்டத்தில் முந்திப் பழகிய உடம்பு இங்கே தடுமாறுகிறது. எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும் இடைவெளியில் அதுவரை அறியாத தசைகள் நடுங்குகின்றன. சிம்மக்கல்லில் மூட்டை இறக்கும் தொழிலாளியின் சாய்ந்த தோளும், புது மண்டபத்தில் முன்பு இருந்த தையல் இயந்திரங்களின் முன் ஆண்டுக்கணக்கில் குனிந்த முதுகும், பேருந்தில் பையை மார்போடு அணைத்து நிற்கும் மாணவியின் ஒடுங்கிய கைகளும் போவாலின் கூற்றுக்கு உரை எழுதத் தேவையில்லாத சான்றுகள். அந்த மாணவி ஒரு விளையாட்டில் அரசனாக வீற்றிருக்க நேரும்போது, கைகளை விரித்து வைக்க இவ்வளவு இடம் இருக்கிறது என்பதை முதன்முதலாக அறிகிறாள். அறிந்த பிறகு பேருந்தில் அவள் மறுபடியும் பையை அணைத்தே நிற்கலாம். அப்படி நிற்க அங்கே நியாயமும் உண்டு. ஆனால் அந்த ஒடுக்கம் தன் சுபாவம் என்று இனி நம்ப மாட்டாள்.

இந்த அறிதலைத்தான் கட்டுரையின் கேள்விக்கு விடையாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. உள்ளே எங்கோ பூட்டிக் கிடக்கும் உண்மையான தன்மை ஒன்று விளையாட்டால் திறந்துகொள்கிறது என்பதைவிட, இதுதான் நான் என்று ஒருவர் இறுகப் பற்றியிருந்தவற்றுள் எவ்வளவு பிறர் வைத்துவிட்டுப் போனவை என்று தெரியவருகிறது என்பதே பொருத்தம். தனியறையில் கண்மூடி அமர்ந்து இதை அறிவது அரிது; ஏனென்றால் பிறர் முன்னிலையில் ஏற்பட்ட இறுக்கம் பிறர் முன்னிலையில்தான் தளரும். குழந்தை மருத்துவராக இருந்து உளப்பகுப்பாய்வாளரான டி.டபிள்யூ. வின்னிகாட், 1971-இல் வெளியான நூலில், விளையாட்டு மனத்துக்குள்ளும் நிகழ்வதில்லை, புறவுலகிலும் நிகழ்வதில்லை, இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரு வெளியில் நிகழ்கிறது என்றும், அங்கேதான் குழந்தையோ பெரியவரோ தம்மைக் கண்டுகொள்கிறார் என்றும் எழுதினார். திண்ணையில் சொப்பு வைத்து விளையாடும் சிறுமி மண்ணைச் சோறென்று பரிமாறுகிறாள். அது மண் என்பது அவளுக்கும் தெரியும், உண்பவர்க்கும் தெரியும். யாராவது ‘இது மண்’ என்று சொன்னால் ஆட்டம் கலைந்துவிடும் என்பதும் தெரியும். சொல்லாமல் காக்கிற அந்த உடன்பாட்டை ஏழெட்டு வயதோடு நாம் பிடுங்கிவிடுகிறோம். பட்டறை அதைப் பெரியவர்களுக்குத் திருப்பித் தருகிறது.

தருவதைக் கெடுக்கும் வழிகளும் உண்டு. இதே கண்ணாடிப் பயிற்சியையும் நம்பிக்கைப் பயிற்சியையும் நட்சத்திர விடுதிகளில் நிறுவனங்கள் தம் ஊழியர்க்கு ஒரு பிற்பகலில் நடத்துகின்றன. மேலதிகாரியும் அதே அறையில் இருக்க, மறுநாள் அதே இலக்கை எட்ட வேண்டியிருக்க, சாய்பவரைத் தாங்குவதற்கு அங்கே என்ன பொருள் இருக்க முடியும்? அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழா, மேடையையே பார்த்திராத பிள்ளைகளுக்கு மேடை தந்த அரிய முயற்சி. அதைக் குறைத்து மதிப்பிடுவது அநியாயம். ஆயினும் அது போட்டி. வட்டார அளவு, மாவட்ட அளவு, மாநில அளவு என்று ஏறும் ஏணியில் பரிசு வாங்கக்கூடிய பிள்ளையே மேலே போகும். ஸ்போலின் எவை கூடாது என்றாரோ அந்தப் பாராட்டும் பழிப்புமே அங்கு அளவுகோல். திக்கிப் பேசும் பையனுக்கும், வகுப்பில் ஒருமுறைகூட வாய் திறவாத பெண்ணுக்கும் தேவைப்படுவது பரிசில்லாத, பார்வையாளர் இல்லாத, வாரம் இரண்டு மணி நேர வகுப்பு. அதற்குச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை; கூட்டிப் பெருக்கிய ஒரு கூடமும், மாலை இருட்டுவதற்குள் பெண்பிள்ளைகள் வீடு திரும்பும்படி அமைந்த நேரமும் போதும். பொது நூலகங்களின் கூடங்கள் இதற்குப் பெரிதும் ஏற்றவை.

நடத்துபவர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உடனடி நடிப்பைக் கொண்டு மனநோய்க்குச் சிகிச்சை செய்யும் உளநாடகம் என்ற முறையை ஜேக்கப் மொரீனோ வியன்னாவில் தொடங்கி, பின்னர் அமெரிக்காவில் வளர்த்தெடுத்தார். அது தேர்ந்த மருத்துவரின் துணையோடு செய்யப்படுவது. பட்டறை நடத்தும் ஆசிரியர் அந்த வேலையைக் கையில் எடுக்கக் கூடாது. ஒரு பயிற்சியின் நடுவே ஒருவர் அழத் தொடங்கினால், அவரைத் தோண்டித் துருவி வாழ்க்கைக் கதையைச் சொல்ல வைப்பது வெற்றி என்று கருதும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அழுபவருக்கு அழ இடமும், விலகி உட்கார உரிமையும், திரும்பி வர வட்டத்தில் ஓர் இடமும் இருந்தால் போதுமானது. விலகும் உரிமை இல்லாத இடத்தில் விளையாட்டு கட்டாயமாகிவிடும். கட்டாயத்தைத் தாங்கிக்கொள்ளப் பழகிய பிள்ளைகள் நம்மிடம் ஏற்கெனவே ஏராளம். அதனினும் முக்கியம், ஆசிரியரும் வட்டத்துக்குள் வந்து நிற்பது. பிள்ளைகள் தவளையாகத் தத்தும்போது அவரும் தத்த வேண்டும், அவர்கள் தவறுகிற விதியில் அவரும் தவறி வெளியேற வேண்டும். கையில் குறிப்பேட்டோடு ஓரமாக நின்று யார் நன்றாகச் செய்கிறார்கள் என்று பார்க்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தால், மற்ற முப்பது பேரும் ஒருவரையொருவர் பார்ப்பதை விட்டுவிட்டு அவரையே பார்க்கத் தொடங்குவார்கள்.